மருந்து அறை திறக்கும் முன் பத்து நிமிடம்

பட்டாசு ஆலைப் போர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போர்மேன் தம்பிமார்களுக்கு,

இந்த மடலை முதலாளிகளுக்கு எழுதியிருக்கலாம், கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். அவர்களுக்கு எழுத நிறையப் பேர் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுதத்தான் செய்கிறார்கள். உங்களுக்கு எழுத ஆள் இல்லை. ஆலையில் ஒன்று நடந்து, போலீஸ் வழக்குப் போட்ட பிறகுதான் அங்கே போர்மேன் என்று ஒருவர் இருந்ததே ஊருக்குத் தெரியவருகிறது. போர்மேன் கைது, உரிமையாளரைத் தேடி வருகிறார்கள் என்று மறுநாள் பேப்பரில் வரும். எத்தனை தடவை இதைப் படித்துவிட்டோம்! பிடிபடுகிற ஆள் நீங்கள் என்றால், அதற்கு முன்னால் பேசவேண்டிய ஆளும் நீங்கள்தானே. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உங்கள் அறைகளில் மருந்து செலுத்துகிற பெண்களில் பலர் என்னிடம் படித்தவர்கள், இல்லையென்றால் என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார். பட்டாசுத் தொழிலை உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சொன்ன பாடம் எதிரே இருக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கவலைப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். அந்தக் கவலைதான் இப்போது உங்கள் ஆலை வாசல்வரை என்னை இழுத்துவந்திருக்கிறது.

ஆபத்தை நீங்கள் சொல்வதே இல்லை என்று நான் பழி போடவில்லை. சொல்கிறீர்கள். கேட்டிலிருந்து கடைசி ஷெட் வரைக்கும் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள். புகை பிடிக்காதே, செல்போன் கொண்டுவராதே, இரும்புச் சாமான் உபயோகிக்காதே, பருத்தி உடை உடுத்து. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதை மனப்பாடமாக ஒப்பிப்பாள். சரி, இன்றைக்கு உன் தட்டில் இருப்பது என்ன கலவை, நேற்றையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், எதைச் செய்தால் இது பற்றும் என்று கேட்டால் சிரிக்கிறாள். "அதெல்லாம் போர்மேன் அண்ணனுக்குத்தான் டீச்சர் தெரியும்" என்கிறாள். சுவரில் இருப்பது வருஷம் முழுக்க ஒரே எழுத்து. ஆபத்து அப்படி இருப்பதில்லை. கலவையைப் பொறுத்து, காற்றில் உள்ள ஈரத்தைப் பொறுத்து, நேற்று மிச்சம் விழுந்ததைப் பொறுத்து, தீபாவளி ஆர்டருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது தினமும் மாறுகிறது. மாறுகிற ஒன்றை மாறாத பலகையால் சொல்ல முடியாது. வாயால்தான் சொல்லவேண்டும், அதுவும் அன்றன்றைக்கு.

இன்னொன்று, காரணம். செய்யாதே என்று சொல்கிறீர்களே தவிர ஏன் என்று சொல்வதில்லை. மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கிறீர்கள். உள்ளே நுழையும்முன் அதைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் தொடுகிறாய் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "உள்ள மருந்து இருக்குல்ல டீச்சர், கும்பிட்டுட்டுப் போற மாதிரி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. கும்பிடு என்று நினைத்துத் தொடுகிறவள், இரண்டு கையிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வரும்போது என்ன செய்வாள்? மனதுக்குள் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அதையே, "உடம்புல மின்சாரம் ஏறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி விளக்க அணைச்சுட்டு நைலான் சேலையக் கழட்டுனா சடசடன்னு கேக்குதுல்ல, சில சமயம் பொறிகூடப் பறக்குதுல்ல, அந்தப் பொறி ஒண்ணு இந்த மருந்துக்குப் போதும். தகட்டத் தொட்டா அது தரைக்கு இறங்கிரும்" என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொடுவாள். பருத்தி உடையும் தரையில் விரித்த மின்சாரம் கடத்தும் ரப்பர் விரிப்பும் எதற்கு என்பதும் அதே மூச்சில் விளங்கிவிடும். மூன்று விதிகளுக்கு ஒரு காரணம். தெரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிடம் போதும்.

காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். அது சில சமயம் உயிருக்கே உலை வைக்கும். மழைக்காலத்தைப் பற்றிப் பேசும்போது பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "மழ பெய்ஞ்சா பயமில்ல டீச்சர், எல்லாம் நமுத்துக் கெடக்கும்." தீயும் தண்ணீரும் எதிரி என்பது சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரிந்த நியாயம். ஆனால் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அடக்கத்தான் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள் என்பதும் தெரியும். சூடேறும்போது அமோனியா நெடி அடிக்கும், கழுவாத கழிப்பறை வாடை மாதிரி மூக்கில் ஏறும். இவ்வளவும் போர்மேன் தலைக்குள் இருக்கிறது. தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. நெடி முதலில் யார் மூக்கில் ஏறும்? சூடு முதலில் யார் கைக்குத் தெரியும்? அபாயத்தை எல்லாருக்கும் முன்னால் உணரக்கூடிய ஆளிடம் அதன் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறோம். நமுத்துக் கிடக்கிறது, பயமில்லை என்று நினைத்து அவள் அதைக் கிண்டிவிடப் போகிறாள்.

விபத்துச் செய்திகளில் எப்போதும் ஒரே காரணம்தான் வரும்: உராய்வு. மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அதற்குமேல் ஒரு வரி இருக்காது. எது எதோடு உராய்ந்தது? பெட்டியைத் தூக்காமல் தரையில் இழுத்தார்களா? செருப்பின் அடியில் மண் இருந்ததா? சல்லடையைத் தட்டினார்களா? குழாயில் மருந்தை அழுத்திக் குத்தினார்களா? உங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் ஊகிக்கவாவது முடியும். ஆனால் பக்கத்து ஆலையில் மறுநாள் வேலைக்கு வருகிறவளுக்கு அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் போய்ச் சேருவதில்லை. அவள் அதை விதி என்று எடுத்துக்கொள்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காரணம் தெரியாதவர்களுக்கு விதியைத் தவிர வேறு என்ன மிஞ்சும்?

உங்கள் கையில் உள்ள சரக்கே இந்த ஏழெட்டு வருஷத்தில் மாறிவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. 2019ல் நீரி ஆராய்ச்சி நிறுவனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைக் கொண்டுவந்தது. புதுக் கலவை என்று நீங்கள் வகுப்புக்குப் போனீர்கள், முதலாளிமார்கள் ஒப்பந்தம் போட்டார்கள். தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன சொன்னோம்? அவருக்கு இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது. அதை நீங்களும் பெருமையாகத்தான் சொல்வீர்கள், "அவங்க கை தப்பாது" என்று. ஆனால் அந்தக் கை பழகியது பழைய மருந்தில். கலவை மாறியதைச் சொல்லாவிட்டால் அந்த அனுபவமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். புது ஆளாவது பயந்து பயந்து வேலை பார்ப்பார்.

பெயர் எழுதாத சாக்கில் வருகிற சரக்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசாக உரசினாலே பற்றும் என்பதற்காக அந்தக் கலவையை 1992லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. உங்கள் ஆலையில் அது இல்லை என்று நம்புகிறேன். எங்காவது திருட்டுத்தனமாக நுழைந்திருந்தால், அதைக் கையால் அள்ளுகிற ஆளுக்குத் தெரியாமல் நுழைத்திருப்பது தடையை மீறியதைவிடப் பெரிய பாவம். இதற்குமேல் இந்த விஷயத்தில் பேச எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்களுக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். கூலி. வேலை குரோஸ் கணக்கில். எத்தனை குரோஸ் முடிக்கிறாளோ அத்தனைக்குச் சம்பளம். நீங்கள் நிற்கவைத்துப் பாதுகாப்பு பேசினால் அந்த நேரம் யார் கணக்கில் போகிறது? அவள் கணக்கில். "நீங்க பேசி முடிக்கதுக்குள்ள ரெண்டு குரோஸ் போயிரும்ணே" என்று அவள் முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். பாதுகாப்பைக் கேட்பதற்கு அவள் தன் பணத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. மெதுவாகச் செய், உரசாமல் செய், குத்தாமல் செய் என்று உங்கள் வாய் சொல்கிறது. சனிக்கிழமை சம்பள நோட்டு வேகமாகச் செய் என்று சொல்கிறது. எதை நம்புவாள்? பிள்ளைக்குப் பீஸ் கட்டுவது எதுவோ அதைத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவளை அலட்சியக்காரி என்று விசாரணை அறிக்கையில் எழுதுவது அநியாயம். ஆகவே நான் கேட்கப்போகிற பத்து நிமிடம் கூலியோடு சேர்ந்த பத்து நிமிடமாக இருக்கவேண்டும். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் சொற்பொழிவுதான்.

அதோடு சேர்ந்தது அறைக்கதவில் எழுதியிருக்கிற ஆள் கணக்கு. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று நீங்களே பெயின்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். சீசனில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியும். அறை போதாமல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குவதும் நடக்கிறது. இதில் வெடிமருந்தின் ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுதி வைத்ததை எழுதியவர்களே தினமும் மீறுவதைப் பார்க்கிற ஒருத்தி, அதே சுவரில் இருக்கும் மற்ற எழுத்துக்களுக்கு என்ன மதிப்புக் கொடுப்பாள்? நாலு என்பது பொய்யென்றால் பருத்தி உடையும் பொய்யாகத்தான் இருக்கும், செம்புத் தகடும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். சொல்லிப் பழக்குவதில் ஆசிரியருக்குத் தெரிந்த முதல் பாடம் இது. கரும்பலகையில் ஒன்று எழுதிவிட்டு நாம் வேறொன்று செய்தால், பிள்ளைகள் செய்வதைத்தான் படிக்கும்.

பேச்சு உங்களிடமிருந்து அவளுக்குப் போனால் மட்டும் போதாது, அவளிடமிருந்து உங்களுக்கும் வரவேண்டும். இதுதான் நம் ஊர் ஆலைகளில் நடக்கவே நடக்காத காரியம். "அண்ணே, இந்த மருந்து ஒரு மாதிரி இருக்குண்ணே" என்று ஒருத்தி சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? "ஒனக்கு வேல பாக்க இஷ்டமில்லன்னா சொல்லு." நீங்கள் எல்லாரும் அப்படிச் சொல்வீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு தடவை ஒரு அறையில் ஒருவர் சொன்னால் போதும்; அந்த ஆலையில் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அவள் வாய் திறப்பது உங்கள் தயவு அல்ல, சட்டம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அங்கே சாவு இத்தனை பெருகியதற்கு விஷவாயு மட்டும் காரணமில்லை. ஆலைக்குள் என்ன இருக்கிறது என்று சுற்றியிருந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டால் ஓரளவு தப்பலாம் என்ற சின்ன விஷயம்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊருக்கு எச்சரிக்கை கொடுக்கவேண்டிய சங்கு ஒலித்த கொஞ்ச நேரத்தில் நிறுத்தப்பட்டது. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான், 1987ல், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில் நடத்துகிறவர் அதன் ஆபத்துகளையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தெரிவிக்கவேண்டும் என்று 41பி பிரிவு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகப் பயப்படும் தொழிலாளி அதைப் பொறுப்பாளரிடம் சொல்லலாம், சொன்னால் அவர் உடனே கவனிக்கவேண்டும் என்று 41எச் வந்தது. தன் உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தமான தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை 111ஏ கொடுத்தது. 2020ல் நிறைவேறி, 2025ல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் அதே உரிமையைச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான உயிரைக் கொடுத்து வாங்கிய வரிகள் இவை. மருந்து ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லும்போது அந்த வரிகளைத்தான் சொல்கிறாள், அவளுக்குத் தெரியாவிட்டாலும்.

சுற்றுவட்டாரம் என்றதும் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து ஞாபகம் வருகிறது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று இறந்த ஏறத்தாழ நாற்பது பேரில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. புகையைப் பார்த்து உதவி செய்ய ஓடிவந்தவர்கள், என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள். முதல் வெடிக்குப் பிறகு அடுத்தது வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நம் ஊரில் பக்கத்தில் தீப்பிடித்தால் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது பழக்கம். அந்த நல்ல பழக்கமே அவர்களைக் கொன்றது. உங்கள் ஆலைக்கு அடுத்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பள்ளிக்கூடத்திலோ கோயில் திடலிலோ, வெடிச் சத்தம் கேட்டால் ஆலைப் பக்கம் வராதீர்கள், எதிர்ப்பக்கம் போங்கள், பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறீர்களா? எங்கள் பள்ளிக்கூட வாசல் எப்போதும் திறந்துதான் இருந்தது. ஒருத்தரும் வந்ததில்லை. இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

இன்னும் ஒன்று, மூடி மறைக்கிற சின்னத் தீ. மருந்து லேசாகப் பொசுங்கும், ஒருவர் கையில் கொப்புளம் வரும், தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். வெளியே தெரிந்தால் லைசென்ஸுக்குக் கேடு. அதனால் அடுத்த அறைக்குக்கூடச் சொல்லமாட்டீர்கள். ஆனால் பெரிய விபத்தைப் பற்றிப் பாடம் சொல்ல, செத்தவர்கள் வரப்போவதில்லை. பொசுங்கிப் பிழைத்த கைதான் பாடம் சொல்லமுடியும். மறுநாள் காலை அந்தக் கட்டுப்போட்ட கையோடு அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படிப் பற்றியது என்று பேசவிட்டால், உங்கள் சுவரெழுத்து அத்தனையும் சேர்ந்து செய்யாததை அந்தக் கை செய்யும். தண்டனை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலையிலிருந்து நிறுத்தினால் அதன் பிறகு கொப்புளத்தைக்கூட மறைப்பார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். காலையில் மருந்து அறை திறக்கும் முன் பத்து நிமிடம், எல்லாரும் நின்றுகொண்டு, மரத்தடியில். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் சிவகாசியில் நடத்துகிற வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழில் பேசாதீர்கள். உராய்வு, நிலைமின்சாரம், எரிதன்மை என்று ஆரம்பித்தால் அவர்கள் மனசு அடுப்படிக்குப் போய்விடும். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுங்கள். நான் போர்மேனாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "இன்னைக்கு ஃபேன்சி ரகம். அலுமினியப் பொடி சாஸ்தி. ராத்திரி தூறல் விழுந்திருக்கு, காத்துல ஈரம் இருக்கு. தட்டு கையில சூடாத் தெரிஞ்சாலோ, மூக்குல நெடி ஏறுனாலோ கிண்டாதீக, அள்ளாதீக. எந்திரிச்சு வெளிய வந்து சத்தம் போடுங்க. பொய்யாப் போச்சுன்னாலும் ஒருத்தரும் ஒங்கள ஒண்ணுஞ்சொல்ல மாட்டோம், அந்தக் கூலியும் போகாது. நேத்து மிச்சம் விழுந்த மருந்து ஏதாச்சும் உள்ள கெடக்கான்னு மொதல்ல நான் போய்ப் பாத்துட்டு வாரேன், அதுக்கப்புறம் நீங்க போங்க." இவ்வளவுதான். நாளைக்குப் பேச்சு வேறாக இருக்கும், ஏனென்றால் நாளைக்குக் கலவை வேறு, வானம் வேறு.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பது வருஷம் கேட்டுப் பார்த்த கேள்வி அது. புரியாதவன்தான் முதலில் புரிந்தது என்பான். அதற்குப் பதிலாக ஒரு அக்காவைப் பார்த்து, "நான் சாப்பிடப் போயிருக்கேன், தட்டுல நெடி வருது, நீங்க என்ன செய்வீக?" என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள். தினம் ஒருவர். போகப்போக அவர்களே ஒருவரை ஒருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் பாதுகாப்பு அறைக்குள் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இப்போது வடக்கேயிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் தமிழ் ஓரளவு பேசுகிற ஒருவரைப் பிடித்து, அந்தப் பத்து நிமிடமும் உங்கள் பக்கத்தில் நிற்கவையுங்கள். சைகையால் மருந்து அறையில் பாடம் எடுக்கமுடியாது.

உங்கள் கை கட்டப்பட்டிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அறை அறையாக உள்குத்தகைக்குப் போன ஆலையில் போர்மேன் சொல்வதை யார் கேட்பார்கள்? ஒவ்வொரு அறைக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேர் அளவில் இறந்தபோது, அந்த ஆலை பலருக்கு உள்குத்தகை விடப்பட்டிருந்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அப்படிப்பட்ட ஆலையில் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நீங்கள் பேசமுடியாத இடத்தில் நீங்கள் போர்மேனாக இருப்பதாகக் காகிதத்தில் இருப்பது, உள்ளே இருக்கிறவர்களையும் ஏமாற்றுகிறது, உங்களையும் ஜெயிலுக்கு அனுப்புகிறது.

மற்ற ஆலைகளில் இருப்பவர்கள் முதலாளியிடம் போய்க் கேளுங்கள். தனியாகப் போகவேண்டாம், அந்த வட்டாரத்துப் போர்மேன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். பத்து நிமிடக் கூலியைக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதலாளிகளுக்குக் கணக்குதான் புரியும், அது ஒன்றும் குற்றமில்லை. அந்தத் தாளிலேயே 2020 சட்டத்தின் 14ஆம் பிரிவையும் எழுதுங்கள். இது போர்மேன் கேட்கிற சலுகை இல்லை, முதலாளி செய்தே ஆகவேண்டிய கடமை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அறைக்கு நாலு பேர் என்பதையும் அதிலேயே கேளுங்கள். மறுத்தால் அந்தத் தாளில் அன்றைய தேதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்து ஆலை அடைத்து, திரும்பப் பூஜை போட்டுத் திறக்கிற நாள் இருக்கிறதே, அன்றைக்கே ஆரம்பியுங்கள். அன்று ஆர்டர் நெருக்கடி இருக்காது, எல்லாரும் புதுச்சேலையில் வந்திருப்பார்கள், பேச்சைக் கேட்கிற மனசு இருக்கும். தேங்காய் உடைத்ததும் அறையைத் திறந்துவிடாமல், எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு அந்தச் செம்புத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். கட்டியிருக்கிற புதுச்சேலை நைலானா பருத்தியா என்று அன்றைக்கே கேட்டுவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வேதியியல் டீச்சர்